வாரம் முழுக்க ஓசூர், ஞாயிறு மட்டும் ஊர்: பிரிந்திருக்கும் வீட்டில் சண்டை வளராமல் பேசும் முறை

அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை பக்கம் தெருவுக்கு ஒரு வீடாவது இப்படி இருக்கும். அவர் ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூரிலோ ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார். சனிக்கிழமை ராத்திரி வருகிறார், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுகிறார். ஊரில் மனைவி, பிள்ளைகள், மாமனார் மாமியார், ரெண்டு மாடு. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குச் சண்டை வந்தாலும் காலையில் டீ போடும்போது முகத்தைப் பார்த்தே பாதி ஆறிவிடும். இவர்களுக்கு அந்த வழி கிடையாது. புதன்கிழமை ஃபோனில் வந்த கோபம் சனிக்கிழமை வரை அப்படியே ஊறிக் கிடக்கும்.

கீழே இருப்பது அப்படிப்பட்ட வீடுகளுக்கு. மனைவி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஹாஸ்டலில், கணவர் ஊரில் என்று மாறி இருந்தாலும் முறை ஒன்றுதான்.

சங்கதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பேச வேண்டியதை மூன்றாகப் பிரியுங்கள்: தகவல், முடிவு, மனவருத்தம். முதலாவதற்கு வாட்ஸ்அப் எழுத்து போதும். "கரண்ட் பில் கட்டியாச்சு", "பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஸ்கூல் மீட்டிங்" இதெல்லாம் தகவல். பணம், படிப்பு, மாடு விற்பது, தோப்பைக் குத்தகைக்கு விடுவது போன்ற முடிவுகளுக்கு ஃபோன் வேண்டும். பெரிய முடிவென்றால் நேரில். மனவருத்தத்தை மட்டும் எழுத்தில் அனுப்பவே கூடாது. குரலில் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் சொல்லுங்கள்.

காரணம் எளிது. எழுத்துக்குத் தொனி கிடையாது. "சரி" என்று ஒருவர் சாதாரணமாகப் போட்டதை, ஏற்கெனவே மனக்கசப்பில் இருப்பவர் "சரி, போ" என்று படிப்பார். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் உடன் பணியாற்றியவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு மின்னஞ்சலைப் பற்றியது. தன் கிண்டல் கிண்டலாகவே புரியும் என்று அனுப்பியவர் நம்பிய அளவுக்குப் படித்தவருக்குப் புரியவில்லை. எழுதும்போது நம் காதில் நம் குரலே ஒலிக்கிறது, படிப்பவருக்கு அது கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் வெறும் கட்டைவிரல் படம் போடும் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

வாய்ஸ் மெசேஜ் இடைப்பட்டது. தொனி இருக்கும், ஆனால் பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லாததால் பேசுகிறவர் தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டே போவார். மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜில் முதல் நிமிடத்தைவிட மூன்றாவது நிமிடம் கடுமையாக இருப்பது அதனால்தான். அதோடு, கேட்பவர் கம்பெனி பஸ்ஸில் இருக்கலாம், வீட்டில் ஸ்பீக்கரில் போட்டால் மாமியார் பக்கத்தில் இருக்கலாம். மனத்தாங்கலை அதில் கொட்டாதீர்கள்.

எப்போது கூப்பிடுவது

ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்த முதல் அரைமணி நேரத்தில் கூப்பிடாதீர்கள். வந்தவர் குளித்துச் சாப்பிட்டிருக்க மாட்டார். பசியோடு இருப்பவரிடம் ஃபீஸ் பேச்சை எடுத்தால் பதில் பசியிலிருந்துதான் வரும். ஊரில் இருப்பவருக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. மாலைக் கறவை முடித்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பிள்ளைகளுக்குச் சோறு போடும் வரை அவரிடம் எதையும் கேட்காமல் இருப்பதே நல்லது.

ஷிப்ட் வாராவாரம் மாறுவதால் "தினம் ராத்திரி 9 மணி" என்ற ஏற்பாடு ரெண்டு வாரம்கூட நிற்காது. ஞாயிறு கிளம்புவதற்கு முன் அடுத்த வாரத்து ஷிப்டைக் காலண்டரில் எழுதி, அதற்கேற்ப நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் வாரமென்றால் தூங்கி எழுந்தபின் மாலையில் 10 நிமிடம். அன்று முடியாவிட்டால் "நாளைக்கு" என்று ஒரே ஒரு சொல் அனுப்பினால் போதும். அந்த ஒரு சொல் வராததால்தான் பாதிச் சண்டை.

முதல் மூன்று நிமிடம்

ஜான் காட்மன் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் படம்பிடித்து ஆராய்ந்தவர். அவரும் சிபில் கரேரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் 124 புதுமண ஜோடிகள். சண்டைப் பேச்சின் முதல் 3 நிமிடத்தை மட்டும் வைத்தே, பின்னால் பிரிந்தவர்களுக்கும் சேர்ந்திருந்தவர்களுக்கும் வேறுபாடு காண முடிந்தது. (இத்தனை சதவீதம் துல்லியமாகக் கணித்தார் என்று இணையத்தில் சுற்றும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் கணக்குப் போட்ட விதத்தைப் பற்றி விமர்சனம் உண்டு.) நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எப்படி ஆரம்பிக்கிறதோ, பெரும்பாலும் அப்படியே முடிகிறது.

வழக்கமாக நடப்பது இது:

"ஏன் ஃபோன் எடுக்கல? எப்பவுமே இப்படித்தான் நீங்க. இங்க ஒருத்தி இருக்காங்கற நெனப்பே இல்ல."

"வேலையில இருந்தேன். உன்ன மாதிரி வீட்லயா உக்காந்திருக்கேன்?"

இதே சங்கதியை இப்படியும் தொடங்கலாம்:

"திங்க, செவ்வாய் ரெண்டு நாளும் ராத்திரி ஃபோன் வரல மாமா. பையனுக்குக் காய்ச்சல், தனியா என்ன பண்றதுன்னு எனக்குப் பயமாயிடுச்சு. பேச முடியலன்னா நாளைக்குன்னு ஒரு வார்த்தையாவது போடுங்க."

இதில் மூன்று துண்டு இருக்கிறது. நடந்தது, கேமராவில் பதிவாகும் அளவுக்கு மட்டும். எனக்கு என்ன ஆயிற்று. இன்றைக்கே செய்ய முடிகிற சின்ன வேண்டுகோள் ஒன்று.

நடுத்துண்டுக்குத் தமிழ் இலக்கணமே கை கொடுக்கிறது. நம் மொழியில் உணர்ச்சி "எனக்கு" வருகிறது: எனக்குப் பயமா இருக்கு, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. வாக்கியம் "நீங்க" என்று தொடங்கினால் குற்றச்சாட்டாக முடிவது சுலபம், "எனக்கு" என்று தொடங்கினால் கடினம். ஆனால் ஏமாற்றும் வழி ஒன்று உண்டு. "எனக்கு என்ன தோணுதுன்னா, நீங்க என்னை மதிக்கவே இல்ல." முன்னால் "எனக்கு" போட்டிருந்தாலும் இது குற்றச்சாட்டுதான். மதிக்காதது அவர் செயலைப் பற்றிய தீர்ப்பு. அந்த நேரத்தில் உங்களுக்குள் இருந்தது என்ன? தலைகுனிவா, தனிமையா, பயமா? அதைச் சொல்லுங்கள்.

"எப்பவுமே", "ஒருநாளும்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவை வந்த நொடியே எதிரில் இருப்பவர் விதிவிலக்கு தேட ஆரம்பிப்பார். "போன வியாழக்கிழமை எடுத்தேனே!" அதற்குப் பிறகு பேச்சு பையன் காய்ச்சலைப் பற்றியதாக இருக்காது, வியாழக்கிழமையைப் பற்றியதாக இருக்கும். மூன்றாவது துண்டை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. "பயமாயிடுச்சு" என்று மட்டும் நிறுத்தினால் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்ய ஒன்றுமில்லாதவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார்.

பதில் சொல்பவருக்கும் ஒரு உத்தி இருக்கிறது. காரணம் சொல்வதற்கு முன், உண்மையான பகுதியை ஒப்புக்கொள்ளுங்கள். "ரெண்டு நாளா எடுக்கலதான். பயந்துட்டியா?" அந்தக் கடைசி "தான்" ஒன்றே பாதிச் சூட்டைத் தணித்துவிடும். ஓவர்டைம் பார்த்த கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள். அதே கதையை முதலில் சொன்னால் சாக்கு, பிறகு சொன்னால் விளக்கம்.

கோபத்துக்கு அடியில் என்ன

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வீட்டுச் சண்டையில் வெளியே தெரிவது பெரும்பாலும் வெகுளி ஒன்றுதான். அடியில் இருப்பது இளிவரல் அல்லது அச்சம். இளிவரல் என்பது தாழ்ந்துபோனோம், சிறுமைப்பட்டோம் என்ற உணர்வு. அழுகைக்கு அந்நூல் தரும் நான்கு காரணங்களில் முதலாவதே இளிவுதான். இழவு அதற்கு அடுத்துதான் வருகிறது. மெய்ப்பாடு என்ற சொல்லே உள்ளே இருப்பது உடம்பில் தெரிவதைக் குறிப்பது. ஃபோனில் உடம்பு தெரியாது, அதனால் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு சண்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மாந்தோப்புக் குத்தகைக்கு அட்வான்ஸ் வந்தது. அவர் அதில் ஒரு பகுதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். மனைவிக்குத் தெரிந்தது நாத்தனார் சொல்லித்தான். ஃபோனில் சண்டை பணத்தைப் பற்றி நடக்கும்: எவ்வளவு, எப்போது திருப்புவான், போன முறை கொடுத்தது என்னாயிற்று. ஒரு மணி நேரம் பேசியும் தீராது, ஏனென்றால் வலி பணத்தில் இல்லை. "ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியல" என்பதில் இருக்கிறது. அது இளிவரல். அவர் பக்கம் இருப்பது அச்சம். சொன்னால் வேண்டாம் என்பாள், தம்பி முன்னால் தலைகுனிய வேண்டும் என்ற பயம். இரண்டு பேரும் அடியில் இருப்பதைச் சொல்லிவிட்டால் பணக் கணக்கைப் பத்து நிமிடத்தில் பேசிவிடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கோபம் வந்தவுடன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "இப்ப நான் யார் முன்னால சின்னதாயிட்டேன்?" "இது இப்படியே போனா எதுக்குப் பயப்படறேன்?" முதல் கேள்விக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தால் இளிவரல். இரண்டாவதற்கு ஒரு காட்சி வந்தால் அச்சம்.

"மனசு சரியில்ல", "ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள். அவை வாசல் மட்டும்தான், உள்ளே இருப்பது சலிப்பா, ஏக்கமா, ஆற்றாமையா, பொறாமையா என்று இன்னும் ஒரு படி இறங்கிப் பாருங்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே அதைக் குறைக்கிறது. மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் வெளியிட்ட மூளைப் பட ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்ச்சிக்குச் சொல் பொருத்தியபோது அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு தணிந்தது தெரிந்தது.

அப்படியே எதிர்த்திசையில் இருப்பது "ஒண்ணுமில்ல". என்னாச்சு என்று கேட்டால் ஒண்ணுமில்ல. நம் வீடுகளில் இதைப் பொறுமை என்று பாராட்டுவார்கள். எமிலி பட்லரும் மற்றவர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கிக்கொண்டு பேசியவருக்கு எதிரில் இருந்தவரின் இரத்த அழுத்தம்கூட ஏறியது. இப்போது பேச முடியாதென்றால் அதையே சொல்லுங்கள்: "இருக்கு. ஆனா ஃபோன்ல வேணாம், ஞாயித்துக்கிழமை சொல்றேன்." பொய்யும் இல்லை, அவரும் ராத்திரி முழுக்க ஊகித்துக்கொண்டிருக்க மாட்டார்.

உம் கொட்டுவது

பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்குத் தெரியும், உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ஃபோனும் அப்படித்தான். நேரில் தலையாட்டலாம், ஃபோனில் ஐந்து நொடி மௌனமானாலே "லைன்ல இருக்கீங்களா?" என்ற கேள்வி வரும், அதில் கோபமும் ஏறியிருக்கும். ம், அப்புறம், அய்யோ என்று இடையிடையே குரல் கொடுங்கள். முடிந்ததும் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: "அத்தை அப்படிச் சொன்னப்போ பக்கத்து வீட்டுக்காரங்களும் இருந்தாங்க, அதான் உனக்குக் கஷ்டமாயிடுச்சு." சரியென்றால் "ஆமா" வரும், தவறென்றால் திருத்துவார். இரண்டுமே லாபம்.

ஆண்கள் அதிகம் செய்யும் பிழை உடனே தீர்வு கொடுப்பது. முதலில் கேட்டுவிடுங்கள்: "இதுக்கு நான் ஏதாவது பண்ணணுமா, இல்ல சும்மா கேட்டுக்கவா?" பத்தில் ஏழு எட்டு முறை இரண்டாவதுதான் பதிலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசினால் பெரிதாகத் தப்பாது.

இடைவேளை, அதற்கான விதி

குரல் உயர்ந்து, நெஞ்சு படபடக்கும்போது காது அடைத்துவிடும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் கேட்பதும் யோசிப்பதும் குறைந்துவிடும் என்பது காட்மன் சொல்லும் அளவு. மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணுங்கள். 25-க்கு மேல் போனால் நிறுத்துங்கள். (தண்ணீர்க் குடம் தூக்கி வந்த கையோடு எண்ணினால் கணக்கு தப்பும்.)

குறைந்தது 20 நிமிடம் வேண்டும். கோபத்தில் உடம்பில் ஏறிய அட்ரினலின் போன்ற சுரப்புகள் வடிய அவ்வளவு நேரமாகும். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டால் விட்ட இடத்திலிருந்து இன்னும் வேகமாகத் தொடரும். அந்த 20 நிமிடத்தில் "இதைக் கேட்டிருக்கணும், அதைக் கேட்டிருக்கணும்" என்று மனதில் ஒத்திகை பார்த்தால் இடைவேளையே வீண். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள், பாத்திரம் தேயுங்கள், ரூமில் இருப்பவர் துணி துவையுங்கள்.

ஃபோனைப் பட்டென்று வைக்கக் கூடாது. "எனக்குத் தலை சூடாயிடுச்சு. அரைமணி கழிச்சு நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். இடைவேளை கேட்டவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டும், மற்றவர் அல்ல. இந்த விதி உடைந்தால் அடுத்த முறை இடைவேளை என்று சொன்னாலே "தப்பிச்சுப் போறீங்க" என்பார்கள்.

மறுநாளும் தாண்டிவிட்டால் அதற்குப் பெயர் இடைவேளை இல்லை, தண்டனை. "பேச்சுவார்த்தை கிடையாது" என்று வாரக்கணக்கில் இருப்பதும், "அப்பாகிட்ட சாப்பாடு வேணுமான்னு கேளு" என்று ஏழு வயசுப் பிள்ளையைத் தூதுவிடுவதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. சனிக்கிழமை வந்தவருக்கு ஆசையாகக் கிண்டிய களி தட்டில் அப்படியே ஆறிக் கிடக்க, சாப்பிடாமல் திரும்பிப் படுப்பதும் அதே வகைதான்.

மரியாதைச் சொல்லும் நடுவில் இருப்பவர்களும்

வழக்கமாக "வாங்க, போங்க" என்று பேசுகிறவர் கோபத்தில் "ங்க"வை உதிர்த்தால், அது பத்து வாக்கியத்துக்குச் சமம். எதிர்ப்பக்கமும் உண்டு. எப்போதும் "நீ" என்று கூப்பிடுகிறவர் திடீரென்று "சொல்லுங்க மேடம்" என்றால் அது மரியாதை இல்லை, இகழ்ச்சி. குறை சொல்வது, தற்காத்துக்கொள்வது, சுவர் மாதிரி உட்கார்ந்துவிடுவது, இகழ்வது என்று காட்மன் அடுக்கும் நான்கில் உறவை அதிகம் அரிப்பது இகழ்ச்சிதான். பெண் வீட்டைக் குத்திக்காட்டுவதும், அவர்கள் பேசும் தமிழைப் பழிப்புக் காட்டுவதும் இதில் சேரும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுக்கு மருமகளாகப் போன தமிழ்ப் பெண்ணுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவள் கூடத்தில் இருக்கும்போது எல்லாரும் வீட்டுமொழியில் பேசிச் சிரிப்பார்கள். பேச்சு கத்திரிக்காய் விலையைப் பற்றியதாக இருக்கும், அவளோ தன்னைப் பற்றி என்று நினைப்பாள். கணவர் ஒரு வரியில் தமிழில் சொல்லிவிட்டால் போதும். முழுக்க மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

கணவரின் வேலை அம்மா சொன்னதை மனைவிக்கும் மனைவி சொன்னதை அம்மாவுக்கும் கொண்டுபோவது அல்ல. "அம்மா வருத்தப்படறாங்க" என்று தொடங்கும் வாக்கியத்தை விட்டுவிட்டு, தனக்கு வேண்டியதைத் தன் பெயரில் கேளுங்கள். பெரியவர்களை வைத்துப் பேசியே தீர வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரே ஒருவர் போதும். பத்துப் பேர் உட்கார்ந்தால் அங்கே எல்லாருக்கும் இளிவரல்தான் மிஞ்சும்.

இந்த முறைகள் எதுவும் அடி உதை இருக்கும் வீட்டுக்கு அல்ல. கை ஓங்குபவரிடம் "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் செய்யாது. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குடும்ப வன்முறைக்கு 2005-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குடித்திருப்பவரிடம் அன்று ராத்திரி எதையும் பேசாதீர்கள். தூக்கமின்மை, சாகலாம் என்ற எண்ணம் இருந்தால் 14416 டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

சனி, ஞாயிறு

சனிக்கிழமை ராத்திரி எதையும் எடுக்க வேண்டாம். சாப்பாடு, பிள்ளைகள், தூக்கம். நல்ல செய்தி இருந்தால் அன்றே சொல்லுங்கள். கேட்பவரும் "ஓ, சரி" என்று முடிக்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். மாடு ஒரு லிட்டர் கூடுதலாகக் கறக்கிறது என்றால், எந்தத் தீவனம் மாற்றினாய் என்று கேட்பது ஒரு முழம் மல்லிகையைவிட மேல். சண்டை நடுவிலும் ஒரு கசப்பான சொல்லுக்கு ஐந்து இதமான சொல் என்ற விகிதத்தில் இருந்த தம்பதிகள் நிலைத்தார்கள் என்பது காட்மனின் மற்றொரு கண்டுபிடிப்பு. தினம் கேட்கும் "சாப்டியா?"வை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். "என்ன சாப்பிட்ட, மெஸ்ல இன்னைக்கும் அதே சாம்பாரா?" என்றால் சேரும்.

பேச்சுக்கு ஞாயிறு காலை டீக்குப் பிறகு 20 முதல் 30 நிமிடம். போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரர்கள் அன்றுதான் சந்தை என்பதால் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பெரியவர்கள், பிள்ளைகள் காதில் விழாத இடம் வேண்டும். மாட்டுக் கொட்டகையோ வரப்போ போதும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் பலருக்கு வாய் வரும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மனவருத்தம். பணம் இருந்தால் நோட்டில் எழுதி, எண்ணாகப் பேசுங்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் மூன்று வரி: நான் செய்தது இது, அதனால் உனக்கு இப்படி ஆயிற்று, இனி இப்படிச் செய்வேன். "தம்பிக்குப் பணம் கொடுத்தத உங்கிட்ட சொல்லல. அடுத்தவங்க வாயால கேட்க வச்சிட்டேன். இனிமே பணம் கைய விட்டுப் போறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்." நடுவில் "ஆனா" வரக்கூடாது. "உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா மன்னிச்சிடு" என்பது கேட்பவர் மேலேயே பழியைத் திருப்பும் வாக்கியம். வாயால் கேட்கத் தெரியாமல் பூ வாங்கி வருபவர்கள், தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி நெய் விடுபவர்கள் நம் ஊரில் அதிகம். அதைக் கண்டும் காணாதது போல் இருக்காதீர்கள், அதுவும் சமாதானத்துக்கு நீட்டிய கைதான். ஆனால் குத்தகைப் பணம் மாதிரியான சங்கதிக்குப் பூ போதாது, அந்த மூன்று வரியும் வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் எடுக்காதீர்கள். பஸ் கிளம்பினால் பதில் இல்லாத கேள்வியோடு இருவரும் ஒரு வாரம் இருக்க வேண்டும். காலண்டரில் எழுதிய ஷிப்டை ஒருமுறை வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். செவ்வாய் சாயங்காலம் ஆறு மணி, நான் கூப்பிடறேன்.